மே மாதப் பக்கத்தில் உன் வயலின்

உன் வயலினை யுத்தம் உடைக்கவில்லை. ஒரு விமானக் கம்பனி உடைத்தது. அது உடைவதற்கு வசதியாக இறுக்கிக் கட்டிக் கொடுத்தவர்கள் நீயும் நானும் உன் அம்மாவும். உடைந்த பிறகு அதை யுத்தத்தின் தலையில் கட்டியவர்கள், உன்னை வெளிநாட்டுக்கு அழைத்து மேடையில் ஏற்றிய, அங்கே குடியேறிய எங்கள் சனத்தின் சங்கத்தார்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. நீ இதை வாசிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு யாரிடம் சொன்னாலும், ‘விடு, இப்ப உதைக் கிளறி என்ன’ என்கிறார்கள். நீ ஒருபோதும் அப்படிச் சொன்னவள் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

தைப்பொங்கலுக்குச் சங்கத்தார் உன் அம்மாவுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தார்கள். சொக்லேற், இரண்டு சவர்க்காரக் கட்டி, ஒரு கலண்டர். அம்மா கலண்டரைக் குசினி வாசலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். அம்மாவின் இரண்டு கண்ணிலும் இப்போது வெண்படலம். சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து, கூப்பிடும்வரை காத்திருக்கிறார். ஆகவே மாதம் பிறந்தால் ஸ்கந்தபுரம் போய்த் தாளைப் புரட்டிவிடுவது என் வேலை. தை மாதம் ஒரு தேர். மாசியில் பனங்கூடல். பங்குனியில் ஒரு கடற்கரை, கொக்கிளாய்ப் பக்கமாக இருக்கவேண்டும். சித்திரை என்ன படம் என்று ஞாபகமில்லை. மே மாதத்தைப் புரட்டினேன். உன் வயலின்.

சிவப்புத் துணி விரித்த மேசை. கழுத்து ஒருபக்கம், உடம்பு ஒருபக்கம். நடுவில் நான்கு தந்திகளும் குடல் மாதிரிச் சரிந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு அகல்விளக்கைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி.

“இந்த மாசம் என்ன படம் பிள்ளை? கோயிலோ?” என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்டார்.

வயலின் என்றேன்.

“எங்கட வயலினோ?”

“ஓம்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கலண்டருக்குக் கிட்டே முகத்தை வைத்துப் பார்த்தார். சிவப்பு மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். “கீழ என்னவோ எழுதிக் கிடக்கு. வாசி” என்றார்.

நான் உடனே வாசிக்கவில்லை.

கடைசி இடப்பெயர்வில் உனக்கும் எனக்கும் பதினான்கு வயது. உன் வீட்டுச் சாமானும் எங்கள் வீட்டுச் சாமானும் ஒரே உழவு இயந்திரத்தில் ஏறின. உன் அம்மா அன்றைக்கு வயலினைக் கட்டிய விதம் எனக்கு இப்போதும் மனப்பாடம். கழுத்தை ஒரு பலகைத் துண்டோடு சேர்த்து நைலோன் கயிற்றால் வரிந்து கட்டினார். மேலே பழைய சீலை இரண்டைச் சுற்றினார். அதை அரிசிச் சாக்குக்குள் இறக்கி, சாக்கின் வாயைத் தைத்து, பெட்டியின் மூலையில் இரும்போடு சேர்த்துக் கட்டினார். எங்கள் ஊரில் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் இழுபடுவதற்கும் பெட்டி என்றுதான் பெயர். “ஆடினால்தான் உடையும். ஆடாமல் கட்டினால் ஒண்டும் செய்யாது” என்றார். அந்த ரோட்டுக்கு அது உண்மை. எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரி முதல் பள்ளத்திலேயே போய்விட்டது. உங்கள் சாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு எண்ணெய் இல்லாமல் உழவு இயந்திரம் நின்றது. எல்லோரும் தூக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். உன் அம்மா தன் தையல் மெசினை விட்டுவிட்டு அந்தச் சாக்கைத் தலையில் வைத்தார். சோறு போட்ட மெசின் அது. பின்னால் வந்த ஒரு மனுசி, “உதைக் கொண்டுபோய் அங்க கச்சேரியோ வைக்கப்போறியள்?” என்று கேட்டதும், உன் அம்மா திரும்பிப் பார்க்காமல், “வைச்சால் உமக்கு முன்வரிசையில கதிரை போடுறன்” என்றதும் உனக்கும் எனக்கும் சேர்த்து ஞாபகம் இருந்தது. இப்போது எனக்கு மட்டும்.

அவர் அதை எத்தனை நாள் தலையில் வைத்திருந்தார் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் சங்கத்தார் அதையும் எடுத்துக் கலண்டரில் போடுவார்கள். முகாமுக்குள் சாக்கைப் பிரித்தபோது ஒரு தந்தி மட்டும் அறுந்திருந்தது. நீ மற்ற மூன்றிலும் மெதுவாக வாசித்தாய். நான், “நிப்பாட்டடி, தலையிடிக்குது” என்றேன். அதுதான் அந்த வயலினுக்கு நான் சொன்ன வரவேற்பு.

அழைப்பு வந்தது மூன்று வருடத்துக்கு முதல். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. அதாவது ஆசிரியைக்குரிய வேலை எல்லாம் உண்டு, ஆசிரியை என்ற பெயர் கிடையாது. காலையில் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை, பின்னேரம் வயல். சங்கத்துக்காரர் தொலைபேசியில் கதைத்ததை நீ எனக்கு நடித்துக் காட்டினாய். என்ன ராகம் வாசிப்பாய், எவ்வளவு நேரம் வாசிப்பாய் என்று ஒரு கேள்வி வரவில்லை. எங்கெங்கே இடம்பெயர்ந்தீர், வீட்டில் யார் யாரை இழந்தீர் என்று கேட்டிருக்கிறார். கடைசியாக, “வயலினையும் கொண்டுவாரும். பழசெண்டால் நல்லது” என்றாராம். நீ சிரித்தாய். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் உனக்கு விமானத்தில் ஏற ஆசை இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டி என் யோசனை. இதை நான் உன் முன்னால் பலதடவை ஒப்புக்கொண்டேன், நீ ஒவ்வொரு தடவையும் “ஓமடி, தெரியும்” என்று சொல்லி முடித்துவிட்டாய். உன்னிடம் இருந்தது ஒரு துணி உறை. சிப் போயிருந்தது, மூலையில் கிழிசல். இதோடு வெளிநாட்டுக்குப் போவதா என்று நான்தான் கேட்டேன். எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் தச்சரிடம் சொல்லி ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி செய்வித்தேன். உள்ளே வைக்க மெத்தைத் துண்டு வாங்க நானும் நீயும் வவுனியாவுக்குப் போய், நெளுக்குளத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவிடம் நின்றோம்.

அந்த மனுசன் அளவு கேட்டார், எதற்கு என்று கேட்டார். சொன்னதும் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். தான் ஒன்பது வருடம் ஒரு வளைகுடா நாட்டு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றியவர் என்றார். “ஏத்துறது எண்டு சொல்றது வாய்க்குத்தான் புள்ள. நாங்க எறியிறது” என்றார். கையில் கொண்டுபோகச் சொன்னார். பழைய உறையே போதும், அதுதான் நல்லது, தலைக்கு மேலே உள்ள தட்டில் அது கொள்ளும் என்றார். கம்பிகளைக் கொஞ்சம் இளக்கிவிடச் சொன்னார், முழுக்க அவிழ்க்கவும் கூடாதாம். கழுத்துக்குக் கீழே மெத்தென்று ஒரு துணி வைக்கவேண்டும், கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு இரண்டு பக்கமும் துணி வைக்கவேண்டும். பாட்டுக்காரர்கள் கொண்டுவந்ததை அவர் பார்த்திருக்கிறார். “அவங்க கட்ட மாட்டாங்க. படுக்க வைப்பாங்க. புள்ளயப் படுக்க வைக்கிற மாதிரி.”

நீ என் காதுக்குள், “தன்ர வியாபாரத்தைத் தானே கெடுக்கிற மனுசனை இப்பதான் பாக்கிறன்” என்றாய். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு அவர் சொன்ன தடிப்பைவிட இரண்டு மடங்கு தடிப்பில் மெத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஒன்பது வருடம் அந்த வேலை செய்தவனின் பேச்சு எங்களுக்குப் பகிடி. ஏனென்றால் சாமான் கட்டுவதில் எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்தோம். எத்தனை தடவை கட்டியவர்கள் நாங்கள்.

அன்று பின்னேரம் உன் அம்மா கட்டினார். அதே கட்டு. கழுத்தோடு பலகை, பலகையோடு நைலோன், நைலோன் பெட்டியின் அடியில் அடித்த இரும்பு வளையத்தோடு. போய் இறங்கிய உடனே வாசிக்கவேண்டும் என்று நீ தந்திகளைச் சுருதியில் இறுக்கியே விட்டிருந்தாய். தச்சர் மூடிக்குப் பதினாறு திருகாணி போட்டார். நான் சிவப்பு எனாமலில் ‘கவனம். உள்ளே வயலின்’ என்று எழுதினேன். தமிழில் மட்டும் எழுதினேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெட்டியைத் தூக்கப்போகிறவனுக்கு அது ஒரு கோலம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

வாடகைக்கு வான் பிடித்து எட்டுப் பேர் விமான நிலையம்வரை உன்னை வழியனுப்ப வந்தோம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் எங்களை விடவில்லை. அரை மணித்தியாலத்தில் உன் குரல் செய்தி வந்தது. அது இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. “எடி, பெட்டி பெரிசாம். மேல விடேலாதாம், கீழ போடோணுமாம். உறையோட கொண்டுவந்திருந்தால் விட்டிருப்பினமாம். எனக்கு முன்னால ஒரு பெடியன் கிட்டாரைத் தோளில போட்டுக்கொண்டு விசிலடிச்சுக்கொண்டு போறான்.” பெட்டியைத் திறந்து வயலினை மட்டும் கையில் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். எடுக்கலாம் என்றிருக்கிறார்கள். பதினாறு திருகாணி. திருகாணி கழற்றும் ஆயுதத்தை அந்தக் கட்டடத்துக்குள் யார் வைத்திருப்பார்கள்? பின்னால் வரிசை நீண்டது. கவுண்டரில் இருந்தவர் ஒரு துண்டை நீட்டினார். நீ கையெழுத்து வைத்தாய்.

அதில் என்ன எழுதியிருந்தது என்று பிறகு கேட்டேன். “ஆருக்குத் தெரியும்? வை எண்டினம், வைச்சன்.”

உன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். பிரதேச செயலகத்தில் என் மேசைக்கு முன்னால் தினமும் வந்து நிற்கிறவர்கள் உன்னைப் போன்றவர்கள்தான். நான் படிவத்தைத் திருப்பி வைத்து, பேனையால் இடத்தைக் காட்டி, “இதில ஒரு கையெழுத்து வையுங்கோ” என்கிறேன். வைக்கிறார்கள். முகாமில் தண்ணீர்ப் போத்தலுக்கு வைத்தார்கள், தகரத்துக்கு வைத்தார்கள், தறப்பாளுக்கு வைத்தார்கள், வீடு வருமென்று வைத்தார்கள், மகனைத் தேடித் தருவோம் என்று சொன்னவர்களுக்கு வைத்தார்கள். கடதாசியை நீட்டினால் வாசிக்காமல் வைப்பதற்கு ஒரு முழுச் சனத்தையும் பழக்கி எடுத்திருக்கிறோம். வாசிக்கிறேன் என்று சொல்கிறவர் வரிசையை மறிக்கிறவர். நானே அப்படிப்பட்டவர்களைப் பார்த்து முகத்தைச் சுளித்திருக்கிறேன். அந்தக் கவுண்டரில் நீ செய்தது என் மேசையில் நான் கற்றுக்கொடுத்த பாடம்.

நடுவில் ஒரு நாட்டில் விமானம் மாறியது. உன் பெட்டியும் மாறியிருக்கும். எங்கே எறிந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. போய் இறங்கிய இடத்தில் பெட்டி எல்லோருடைய பெட்டிகளோடும் சுற்றிவந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. திருகாணி பதினாறும் சரியாக இருந்தன. சங்கத்துக்காரர் வீட்டில் திறந்து நீ எடுத்து அனுப்பிய படத்தை நான் அலுவலகத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மாவின் கட்டு ஒரு நூல்கூட இளகவில்லை. கழுத்து பலகையோடு அப்படியே அசையாமல் நின்றது. உடம்பு மட்டும் கழுத்தின் அடியில் முறிந்து, முகத்தில் நீளமாக வெடித்து, தனியே கிடந்தது. கட்டாமல் மெத்தென்று படுக்க வைத்திருந்தால் விழுந்த அதிர்ச்சியில் வயலின் முழுக்கச் சேர்ந்து அசைந்திருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் வயலின் திருத்துகிறவர் பிறகு விளங்கப்படுத்தினார். நாங்கள் ஒரு பாதியை அசையவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டோம். இறுக்கிய தந்தி மிச்சத்தை முடித்துவிட்டது. பள்ளமும் திட்டியுமான ரோட்டில் ஓடுகிற பெட்டிக்குக் கட்டிய கட்டை, மேலிருந்து எறிகிற பெட்டிக்குக் கட்டினோம். எங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு பிழையை இவ்வளவு நேர்த்தியாக விட்டிருக்க முடியாது.

நீ அழவில்லை என்று சொன்னாய். நான் நம்பவில்லை.

மூன்றாம் நாள் நிகழ்ச்சி. யாரோ ஒரு பிள்ளையின் வயலினை இரவல் வாங்கித் தந்தார்கள். நீ மேடைக்கு ஏறும்போது அங்கே சிவப்புத் துணி விரித்த மேசை ஒன்று இருந்தது. அதன்மேல் உன் வயலின், பக்கத்தில் விளக்கு. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறையில் பெட்டிக்குள் நீ வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய் அலங்கரித்திருந்தார்கள். அறிவிப்பாளர், யுத்தத்தில் நொறுங்கிய வயலினைச் சுமந்துகொண்டு வன்னி மண்ணிலிருந்து வந்திருக்கும் சகோதரி என்று குரலை நடுக்கி நடுக்கிச் சொன்னார். முன்வரிசையில் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சிகள் வெளியே வந்தன. வீடியோவில் எல்லாம் தெரிகிறது. நீ ஒலிவாங்கியைக் கையில் எடுப்பதும் தெரிகிறது.

“மன்னிக்கோணும்” என்றாய். “இது சண்டையில உடையேல்ல. செவ்வாய்க்கிழமை பிளேனில உடைஞ்சது. சண்டைக்குள்ளால இதை எங்கட அம்மா தலையில வைச்சு உடையாமல் கொண்டுவந்தவா.”

எங்கோ ஒருவர் சிரித்தார். கைலேஞ்சிகள் உள்ளே போயின. நீ இரவல் வயலினில் சுருதி சேர்க்கத் தொடங்கினாய்.

நிகழ்ச்சி முடிந்ததும் சங்கத்துக்காரர் உன்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். “தங்கச்சி, சனம் அழுதுகொண்டிருந்தது. நீர் அதைக் கெடுத்துப்போட்டீர்.” நீ திருப்பிச் சொன்னதை ஊருக்கு வந்து எனக்குச் சொன்னபோது உன் முகத்தில் ஒரு குறும்பு இருந்தது. “அழவேணுமெண்டால் பிளேனுக்கு அழட்டும் அண்ணை. அதுக்கும் ஆக்கள் வேணும்தானே.” அதற்குப் பிறகு உன்னை அவர்கள் கூப்பிடவில்லை. உடையாமல் வந்த ஒன்றைக் காட்டினால் அவர்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அவர்கள் விட்டுவிட்டுப் போன இடம் நொறுங்கிக் கிடந்தால்தான் அவர்கள் போனது சரி.

கோபத்தில் எழுதுகிறேன். அங்கே நல்ல சனமும் இருக்கிறது, இரவல் தந்த அந்தப் பிள்ளை வயலினை நீயே வைத்துக்கொள் என்று சொன்னதாகவும் நீ வேண்டாம் என்றதாகவும் சொன்னாய். இருக்கட்டும். அந்தப் பிள்ளை கலண்டர் அடிக்கவில்லை.

விமானக் கம்பனிக்கு நீயும் நானும் சேர்ந்து கடிதம் எழுதினோம். நட்டஈடு ஒன்றும் தரவேண்டாம், உடைத்தது நாங்கள்தான் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், அதுவும் தமிழில், அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்று எழுதினோம். ஆங்கிலத்தில் பதில் வந்தது. கூடவே நீ கையெழுத்து வைத்த துண்டின் பிரதி. எளிதில் உடையும் பொருள், பொதி செய்தது போதாது, சேதத்துக்குக் கம்பனி பொறுப்பல்ல, இதற்கு நான் உடன்படுகிறேன். கீழே உன் பெயர், பள்ளிக்கூடத்துக் கொப்பியில் எழுதுவது மாதிரி வடிவாக, முழுப்பெயரும். பொதி செய்தது போதாதாம். மூன்று பேர் ஒரு முழுப் பின்னேரம் இருந்து கட்டிய கட்டு.

அந்தப் பிரதி இப்போது என் அலுவலக அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்துச் செருகியிருக்கிறது. அதைச் செருகிய நாளிலிருந்து என் மேசையில் படிவத்தை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குகிறேன். மேலதிகாரி, “தங்கச்சி, இது அலுவலகம், வாசிகசாலை இல்ல” என்றார். சனமும் திட்டுகிறது. போன கிழமை ஒரு அப்பு, “எனக்கு மாடு அவிட்டுக் கட்டவேணும் பிள்ளை, நீ உன்ர பாட்டில வாசி, நான் வைச்சுப்போட்டுப் போறன்” என்றார். பாதியில் விட்டுவிட்டேன். வைத்துவிட்டுப் போனார். எல்லா நாளும் எனக்கும் பொறுமை இருப்பதில்லை.

நீ போனதைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனம் இல்லை. மாரி மழை, வயலுக்குள் முழங்கால் தண்ணீர், காலில் ஒரு சின்னக் கீறல், எலிக்காய்ச்சல். இரண்டு நாள் பனடோல் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாட்டுப் படிப்பித்தாய். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. தொண்டர் ஆசிரியைக்கு இரங்கல் பதாகை மட்டும் நல்ல பெரிதாக அடித்தார்கள். அதில் ‘ஆசிரியை’ என்றே போட்டிருந்தது. செத்த பிறகு பதவி உயர்வு.

இனி மே மாதப் பக்கத்துக்கு வருகிறேன். அம்மா வாசி என்றார். கோயில் படம் என்றோ, வயலின் என்று மட்டும் போட்டிருக்கிறது என்றோ நான் சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் பிரதேச செயலகத்தில் வாசித்துக் காட்டுகிறேன் என்று பெருமை பேசுகிறவள் இங்கே எப்படி மறைப்பது? வாசித்தேன். “யுத்தத்தில் உடைந்த வயலின். வன்னியின் அழுகுரல்.”

அம்மா உள்ளே போனார். கட்டிலுக்குக் கீழே இருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் வில்லுக்குப் பூசும் ரோசின் மணம் வந்தது. நீ வாசித்து முடித்துக் கையைக் கழுவாமல் என் தோளைப் பிடிப்பாயே, அந்த மணம். அவர் தடவிப் பார்த்துக் கழுத்தைக் கண்டுபிடித்தார். பலகை, நைலோன், முடிச்சு. அந்தக் கட்டை நீ கடைசிவரை அவிழ்க்கவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். அவர் முடிச்சை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“நான் கொண்டுவந்து சேர்த்தனான்” என்றார். “மெசினை விட்டுட்டு இதைக் கொண்டுவந்தனான். நான் கொண்டுவரேல்ல எண்டெல்லே உதில எழுதியிருக்கு?”

ஓம் என்றேன்.

“அவள் அங்க மேடையில சொன்னவள்தானே? கேட்டவைதானே? பிறகும் ஏன் எழுதினவை?”

அவர் கலண்டர் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, திருத்தச் சொல்லு என்றார். கிழித்து எறிகிறேன் என்றேன். “எறிஞ்சால் எங்கட வீட்டில மட்டும்தான் இல்லாமல் போகும்” என்றார். அந்தக் கலண்டர் எத்தனை வீட்டில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது. எத்தனை வீடானாலும், இந்த மாதம் முழுக்க அங்கே தேநீர் குடிக்கிறவர்கள் உன் அம்மா அந்த வயலினை உடைய விட்டார் என்றுதான் நினைப்பார்கள். ஒரு மனுசி தன் வாழ்க்கையில் தானாக எடுத்த ஒரு முடிவு, தையல் மெசினை விட்டுவிட்டு எடுத்த முடிவு, அதை ஒரே வரியில் இல்லாமல் பண்ணிவிட்டார்கள். அழுகுரலாம். அந்த மனுசி அன்றைக்கு அழவே இல்லை. எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் நடந்தேன்.

சங்கத்துக்காரருக்கு அன்றே வட்ஸ்அப்பில் எழுதினேன். கும்பிடுகிற இரண்டு கை வந்தது. வாழ்த்து என்று நினைத்திருப்பார் போலும். விளக்கமாக இரண்டாம் தடவை எழுதினேன், நீ மேடையில் சொன்ன வீடியோவையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, வேறொன்றும் இல்லை. மூன்றாம் தடவைக்கும் நீலச் சரிதான். உன் அம்மா தினமும் பின்னேரம் தொலைபேசியில் எடுத்து, “எழுதிச்சினமே?” என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். “நாளைக்கு எழுதுவினம்” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைக்கிறார்.

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு தகப்பன் என்னைத் தேடிவந்தார். மகள் போட்டி ஒன்றுக்காக வயலினோடு இந்தியாவுக்குப் போகிறாளாம், பெட்டி எங்கே செய்வித்தீர்கள் என்று கேட்டார். பெட்டி செய்யவேண்டாம் என்றேன். நானா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். தந்தியை ஒரு சுற்று இளக்குங்கோ, வில்லையும் இளக்குங்கோ, கழுத்துக்குக் கீழே துணி வையுங்கோ, கட்டவேண்டாம், கையை விட்டுக் குடுக்கவேண்டாம், துண்டு தந்தால் வாசியுங்கோ, விளங்காவிட்டால் கேளுங்கோ, வரிசை நின்றால் நிற்கட்டும். அவர், “உங்களுக்கு உது எல்லாம் எப்பிடித் தெரியும்?” என்றார். ஒரு சிநேகிதி என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

நேற்று நான்காம் தடவை எழுதினேன். இந்தமுறை கெஞ்சவில்லை, விளக்கவும் இல்லை. உனக்கும் அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

மே மாதத் தாளின் கீழே நீங்கள் அச்சடித்தது பொய். அதைத் திருத்தி, கலண்டர் போன ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புங்கள். இப்படி எழுதுங்கள்: இந்த வயலினை ஒரு தாய் யுத்தத்துக்குள்ளால் உடையாமல் கொண்டுவந்து சேர்த்தார். பிறகு அது ஒரு விமானத்தில் உடைந்தது. இதை அதன் சொந்தக்காரி உங்கள் மேடையில் நின்று உங்களுக்குச் சொன்னாள். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். அம்மா தானே வாசிக்கவேண்டும்.